பல்லில் புழு இல்லை: பழைய பல் மருத்துவர்கள் கண்டதைக் கொண்டு சொத்தையையும் ஈறு நோயையும் தடுப்பது எப்படி

டெல்டா ஊர்களில் சொத்தைக்கு இன்னும் பல பேர் வாயில் 'பூச்சிப் பல்' என்றுதான் பெயர். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, கிளம்பும் புகையைக் குழல் வைத்து வாய்க்குள் பிடித்து, பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் துப்பச் சொல்வார்கள். தண்ணீரில் வெள்ளையாக, நெளிந்தாற்போல் ஏதோ மிதக்கும். 'பூச்சி விழுந்துடுச்சு' என்பார்கள். ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் இதே வைத்தியம் நடந்தது. அங்கே கண்டங்கத்திரிக்குப் பதில் குரோசாணி ஓமம் என்ற, கத்தரிக் குடும்பத்துச் செடியின் விதை. புழு என்று காட்டப்பட்டது, சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளியே வந்த முளைக்கரு என்பது பின்னால் தெரியவந்தது. கண்டங்கத்திரியும் அதே கத்தரிக் குடும்பம்தான். விதைக்குள் முளைக்கரு சுருண்டு கிடப்பதும் அதே மாதிரிதான்.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகையில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கொடு என்று புழு ஒன்று தெய்வத்திடம் கேட்கும் மந்திரம் இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையிலும் 'கிருமிதந்தகம்' என்று ஒரு நோய் உண்டு. சொத்தைப் பல்லின் குழியைப் பார்த்தால் அரிசியில் வண்டு துளைத்தது போலத்தான் இருக்கும். அதனால் அவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த நினைப்பு ஒரு பெரிய கெடுதலைச் செய்தது. நோய் பல்லுக்குள்ளிருந்து வருகிறது என்று நம்பினால், வலி வந்த பிறகு விரட்டத்தான் பார்ப்போம். வெளியில் படிகிற ஒன்றிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், தினமும் அதைத் துடைத்து எடுத்துவிடலாம். பழைய பல் மருத்துவர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அவர்கள் கண்ட ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவது.

முதலில் மாவைப் பாருங்கள்

1683 செப்டம்பரில் டச்சுக்காரர் லேவன்ஹுக், தன் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெள்ளைப் பொருளைத் தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். கரைத்த மாவு மாதிரி இருந்தது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, அவர் அழுக்குப் பிடித்த வாய்க்காரர் இல்லை என்பது. தினமும் காலையில் உப்பு போட்டுத் தேய்த்து, குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, துணியால் துடைப்பவர். அப்படியும் இடுக்கில் மாவு இருந்தது.

இன்னொன்றும் பார்த்தார். காடி (வினிகர்) ஊற்றிக் கொப்பளித்தபோது மாவின் மேலாக இருந்த உயிர்கள் மட்டுமே செத்தன. உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. இன்றைக்கு மவுத்வாஷ், உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய் என்று எதைக் கொப்பளித்தாலும் அளவுகோல் அதுதான். கொப்பளிப்பது மேலே உள்ளதைத் தொடும். ஒட்டியிருக்கும் படலம் தேய்த்தால்தான் போகும்.

உங்கள் வாயில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. இரவில், பல் தேய்த்து முடித்தபின், சமையலுக்குப் போடும் சிவப்பு நிறமி நாலைந்து சொட்டை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து அரை நிமிடம் வாய் முழுக்க ஓட்டித் துப்புங்கள். பிறகு ஒரே ஒரு முறை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறமி இல்லாவிட்டால் பச்சை பீட்ரூட் துண்டை ஒரு நிமிடம் மென்று துப்பலாம். நிறம் கொஞ்சம் மங்கலாக வரும். படலம் உள்ள இடம் சிவந்து நிற்கும், சுத்தமான எனாமலில் (பல்லின் கெட்டியான மேல் ஓட்டில்) நிறம் பிடிக்காது. பெரும்பாலானவர்களுக்குச் சிவப்பது நான்கு இடம்: ஈறை ஒட்டிய ஓரம், பல்லுக்குப் பல் நடுவே, கீழ் முன்பல்லின் பின்புறம், கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்சுவர். வலது கைக்காரர்களுக்கு வலப்பக்கக் கோரைப்பல் ஓரமும் சேர்ந்து சிவக்கும், ஏனென்றால் கை அங்கே திரும்பும்போது பிரஷ் நழுவுகிறது. வாரம் ஒரு தடவை, ஒரு மாதம் இதைச் செய்தால் கை எங்கே தவறுகிறது என்பது தெரிந்துவிடும். பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள், கறை போகாது.

சோறு புளிப்பதும் பல் கரைவதும் ஒரே வேலை

1728-ல் பாரிஸில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதினார். நுண்ணோக்கியில் தேடியும் புழு கிடைக்கவில்லை என்றார், இனிப்பைக் குற்றம் சாட்டினார். (அதே ஃபோஷார், பல் வலிக்குத் தன் சிறுநீரைக் கொப்பளிக்கச் சொன்னவர். பெரியவர்கள் சொன்னது எல்லாமே சரியாக இருந்துவிடாது.) அவருக்கு ஐம்பது ஆண்டு கழித்து, லண்டனில் பெரும் பெயர் பெற்ற ஜான் ஹண்டர், பல் உள்ளிருந்தே அழுகுகிறது என்று நினைத்தார். அந்த எண்ணம் வெகுகாலம் நின்றது.

முடிச்சை அவிழ்த்தவர் வில்லோபி மில்லர், பெர்லினில் வேலை செய்த அமெரிக்கப் பல் மருத்துவர். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்த் தொழில் படித்தவர். பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த கலவையில், உடம்புச் சூட்டில் வைத்தார். பல் கரைந்து மிருதுவானது. ரொட்டிக்குப் பதில் இறைச்சி போட்டபோது கரையவில்லை. எச்சிலையும் ரொட்டியையும் கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்றபின் வைத்தபோதும் கரையவில்லை. ஆக, கிருமி வேண்டும், மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அமிலம் பிறக்கிறது, அமிலம் பல்லைக் கரைக்கிறது. 1890-ல் இதை ஆங்கிலப் புத்தகமாகவே போட்டார்.

நமக்கு இது புது விஷயமே இல்லை. இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம், காலையில் நீராகாரம் புளிக்கிறது. அரைத்த மாவு பொங்கிப் புளிக்கிறது. அதே வேலை ஈறு ஓரத்து மாவிலும் நடக்கிறது. வித்தியாசம், வாயில் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொப்பளிக்கச் சொல்லிப் படலத்தின் புளிப்பை அளந்தார். சில நிமிடங்களுக்குள் அமிலம் உச்சத்துக்கு ஏறியது. எச்சில் அதைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடித்தது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஹெச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஹெச் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதானவர்களுக்கு, பிஹெச் 6-க்கு மேலே இருக்கும்போதே வேர் கரையும். அறுபது வயதுக்கு மேல் ஈறு ஓரத்தில் திடீரென்று சொத்தை வருவது அதனால்தான்.

இதிலிருந்து கணக்குப் போடத் தெரிய வேண்டும். விடியற்காலை சர்க்கரை போட்ட காபி, பத்து மணிக்கு வயலுக்கு வரும் டீ, மதியத்துக்குப் பின் ஒன்று, சாயங்காலம் கடையில் ஒன்று, நடுவில் ஒரு கமர்கட். ஐந்து தடவை. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம் பல் அமிலத்தில் ஊறுகிறது. அதே அளவு சர்க்கரையை மதியச் சாப்பாட்டோடு பாயசமாகக் குடித்திருந்தால் அது ஒரு தடவைதான். ஆகையால் எத்தனை கரண்டி என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில் நின்றது என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

செய்ய வேண்டியது: இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். டீயை நிறுத்த முடியாதென்றால் நாலில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சாதீர்கள், ஐந்து பத்து நிமிடத்தில் முடித்து வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். பொரி உருண்டை, கடலை மிட்டாய், கமர்கட் பல் பள்ளத்தில் ஒட்டிக்கொள்வதால் லட்டைவிட மோசம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் நல்லதுதானே என்று கேட்பார்கள். பல்லைப் பொறுத்தவரை கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான், பாகுபாடு பார்க்காமல் புளிக்க வைக்கும். இரவில் பால் புட்டியோடு குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கழுவ ஆள் இல்லை; மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கரைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிரஷ் எங்கே போக வேண்டும்

மில்லர் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார். அமிலம் எச்சிலில் பொதுவாக இருந்தால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி கரைய வேண்டும். ஏன் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குழி விழுகிறது? 1890-களின் கடைசியில் லியோன் வில்லியம்ஸும் ஜி. வி. பிளாக்கும் விடை சொன்னார்கள். கிருமிகள் பசை போன்ற படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அமிலம் அந்தப் படலத்துக்கு அடியில், எச்சில் எட்டாத இடத்தில் தேங்குகிறது. ஆக பிரஷ் போக வேண்டியது பளபளவென்று தெரியும் நடுப்பகுதிக்கு இல்லை, எச்சிலும் நாக்கும் எட்டாத ஓரங்களுக்கு.

பிரஷ் மிருதுவான நார் உள்ளதாக, தலை சின்னதாக இருக்கட்டும். பென்சில் பிடிப்பது போல விரல் நுனியில் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் அழுத்தம் கூடும். நாரைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வையுங்கள், மேல் பல்லுக்கு மேல் நோக்கி, கீழ்ப் பல்லுக்குக் கீழ் நோக்கி. நார் நுனி ஈறின் விளிம்புக்குள் லேசாக நுழைய வேண்டும். அந்த இடத்தைவிட்டு நகராமல், முன்னும் பின்னும் ஒரு பல் அகலத்துக்குள் பத்துத் தடவை அசையுங்கள். பிறகு அடுத்த இரண்டு பல். இந்த முறையை வகுத்தவர் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ். நீளமாக வலது கோடியிலிருந்து இடது கோடிவரை இழுப்பதில் நார் பல்லின் வயிற்றில் மட்டும் ஓடும், ஓரத்தைத் தாண்டிக் குதித்துவிடும்.

வரிசையை மாற்றாதீர்கள்: மேல் வலப்புற வெளிச்சுவரில் ஆரம்பித்து இடதுவரை, திரும்பி உட்சுவர் வழியாக வலதுவரை, கீழேயும் அப்படியே, கடைசியில் மெல்லும் பரப்புகள். கீழ் முன்பல்லின் உட்புறத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடித்து நுனி நாரால் மேலும் கீழும் தேயுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் பலர் முக்கால் நிமிடத்தில் முடித்துவிடுவது தெரியும்.

பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்க வேண்டும். 1000 பிபிஎம் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி. தேய்த்தபின் நுரையைத் துப்புங்கள். நாலு சொம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் ஃப்ளூரைடு வேலை செய்வதற்குள் போய்விடும். இரவில் தேய்ப்பது காலையைவிட முக்கியம், அதற்குப் பின் தண்ணீர் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. எலுமிச்சைச் சாறு, புளிப்புப் பழம் சாப்பிட்ட உடனே தேய்க்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். மெத்தென்று ஆகிவிட்ட எனாமலைத் தேய்த்தால் அது உரிந்து வரும்.

உமிக்கரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நெல் விளையும் ஊரில் அது வீட்டுக்கு வீடு இருந்த பொருள். நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, மணலின் சத்து. கறையை அறுத்து எடுப்பதால் பல் வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் எனாமல் மெல்லிசு, வேரில் எனாமலே இல்லை. விரலால் உமிக்கரி, செங்கல் பொடி, காவிக்கல் கலந்த சிவப்புப் பல்பொடி போட்டு முப்பது ஆண்டு குறுக்காகத் தேய்த்தவர்களின் பல் கழுத்தில் கோடாலியால் வெட்டினாற்போல் ஆப்பு வடிவப் பள்ளம் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். இது சொத்தை அல்ல, தேய்மானம். ஐரோப்பாவின் பழைய பற்பொடிகளிலும் பவளத்தூளும் செங்கல் தூளும் போட்டுப் பல்லை இப்படித்தான் கெடுத்தார்கள்.

குச்சியை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொன்னவர்கள் நுனியை மென்று நாராக்கித்தான் தேய்த்தார்கள். சுசுருதர் பன்னிரண்டு விரற்கடை நீளம், சுண்டு விரல் கனம் என்று அளவே சொல்கிறார். ஒரு நிமிடம் மென்று நார் பிரிந்தபின், ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மட்டும் இழுங்கள். தினம் புதுக் குச்சி. ஆனால் குச்சி உட்சுவருக்கும் இடுக்குக்கும் போகாது, ஃப்ளூரைடும் கிடையாது. அதனால் காலையில் குச்சி என்றால் இரவில் பிரஷும் பேஸ்ட்டும்.

இடுக்கு

1819-ல் லீவை பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சொத்தை வெளியிலிருந்து வருகிறது, பல்லிடுக்கில் தங்குவதுதான் காரணம் என்று எழுதி, மெழுகு பூசிய பட்டு நூலால் இடுக்கைத் துடைக்கச் சொன்னார். மில்லருக்கு எழுபது ஆண்டு முன்னால், கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் சொன்னது. அதைக் கேட்டிருந்தால் எவ்வளவோ பல் பிழைத்திருக்கும்.

இப்போது ஃப்ளாஸ் என்ற பெயரில் மருந்துக் கடையில் நைலான் நூல் கிடைக்கிறது. (திருபுவனத்துத் தறிப் பட்டு நூல் கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள். சாயம் ஏறியது, பிசிர் ஈறுக்குள் தங்கிவிடும்.) ஒன்றரை அடி நூலை இரண்டு கை நடுவிரல்களில் சுற்றி, ஓர் அங்குலம் மட்டும் இழுத்துப் பிடியுங்கள். இடுக்கில் அறுப்பது போல் மெல்ல முன்பின் ஆட்டி இறக்குங்கள். படக்கென்று அழுத்தினால் ஈறு வெட்டுப்படும். இறங்கியதும் நூலை ஒரு பல்லின் சுவரில் 'ப' போல வளைத்து அணைத்து, ஈறின் உள்விளிம்பிலிருந்து மேலே நாலைந்து தடவை துடையுங்கள். அதே இடுக்கில் பக்கத்துப் பல்லின் சுவரையும் துடைக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. நாள் ஒன்றுக்கு ஒரு தடவை, இரவு தேய்ப்பதற்கு முன்.

இடுக்கு அகலமாகிவிட்டவர்களுக்கு நூல் பயன்படாது, இடுக்குப் பிரஷ் வாங்குங்கள். லேசாக உரசிக்கொண்டு போகும் அளவு சரியான அளவு. விளக்குமாற்று ஈர்க்கு, ஊக்கு, கொண்டை ஊசி வேண்டாம். ஈர்க்கு நுனி உடைந்து ஈறுக்குள் தங்கிச் சீழ் வைப்பதும், தினமும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஈறு இறங்குவதும் சாதாரணமாக நடக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் தினம் சோறு சிக்கினால் அங்கே சொத்தையோ சரியில்லாத அடைப்போ இருக்கிறது. குத்துவதை விட்டுக் காட்டுங்கள்.

ஈறில் ரத்தம்

சொத்தை சர்க்கரையின் நோய். ஈறு நோய்க்குச் சர்க்கரையே வேண்டாம், படலம் ஓரத்தில் தங்கினால் போதும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், இனிப்பே தொடாதவருக்கும் பல் ஆடி விழுவது ஏன் என்று மக்களுக்குப் புரிவதில்லை.

அந்தக் கால மருத்துவர்களும் குழம்பினார்கள். ஈறு வீங்கி ரத்தம் வருவது ஸ்கர்வியிலும் உண்டு என்பதால், ஃபோஷாரே இதை ஒரு வகை ஸ்கர்வி என்றார். ஸ்கர்வி வைட்டமின் சி குறைவால் வருவது; நெல்லிக்காய் தின்றால் அது தீரும். காரை, அதாவது கல்லாகிப்போன படலம், படிந்து வரும் ரத்தம் நெல்லிக்காயால் நிற்காது. காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது பழைய அறிவுதான். சுசுருதர் ஈறைக் காயப்படுத்தாமல் கருவியால் எடுக்கச் சொன்னார். ஆயிரம் ஆண்டு முன் ஸ்பெயினின் கொர்டோபாவில் அல்-ஸஹ்ராவி பதினான்கு சுரண்டு கருவிகளைப் படம் போட்டுக் காட்டினார். ஆனால் ஈறுக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் எலும்பைத் தின்னும் நோய்க்கு மூலம், அங்கே போய் வேரை வழவழப்பாக்கினால் ஈறு ஆறும் என்று அடித்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஜான் ரிக்ஸ், 1870-களில். ஈறு நோய்க்கே 'ரிக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ செய்த சோதனை சந்தேகத்தை முடித்துவைத்தது. ஆரோக்கியமான 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அடங்கியது.

ஆகவே தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான்: ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் போடாமல் விடுவது. விட்டால் படலம் கூடும், படலம் கூடினால் ரத்தம் கூடும். மிருதுவான பிரஷால் அதே இடத்தில், மேலே சொன்ன 45 பாகைச் சாய்வில், ஒரு வாரம் பத்து நாள் விடாமல் செய்யுங்கள். நூலும் போடுங்கள். முதல் மூன்று நாள் ரத்தம் வரும், பிறகு குறைய வேண்டும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் அடியில் காரை இருக்கிறது. அதற்குப் பிரஷ் போதாது. பிரஷ் நார் ஈறுக்குக் கீழே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் போகும். பல் மருத்துவர் மெல்லிய அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பார்: 3 மில்லிமீட்டர்வரை இயல்பு, 4-ஓ அதற்கு மேலோ என்றால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்துவிட்டது. அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

காரை முதலில் படிவது கீழ் முன்பல்லின் பின்னாலும் மேல் கடைவாய்ப்பல்லின் வெளிச்சுவரிலும், எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. படலத்தில் எச்சிலின் சுண்ணச்சத்து ஏறிக் கல்லாகிறது. கல்லான பின் நகத்தாலோ ஊசியாலோ பெயர்க்கப் பார்க்காதீர்கள், பாதிதான் உடையும், மீதி முரடாக நின்று இன்னும் படலம் பிடிக்கும்.

மருத்துவர் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் ஊர் முழுக்க இருக்கிறது. நடப்பது இது: எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், காரை பல்லோடு பல்லைச் சிமென்ட் போல் கட்டிப் பிடித்திருக்கும். வீங்கிய ஈறு இடைவெளியை மூடியிருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவை புதிதாக வந்தவை அல்ல. இரண்டு வாரம்வரை குளிர்ச்சி கூச்சம் தரும், ஈறு இறுகும், சிறிய ஆட்டம் குறையவும் செய்யும். பை விழுந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு வேகமாகக் கெடும், கெட்ட ஈறு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதனால் மருந்துச் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வெற்றிலை போடுபவர்களுக்கு

கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் சீவலும் விருந்தோடும் விசேஷத்தோடும் பிறந்தவை, அதன் மரியாதை தெரியாமல் சொல்லவில்லை. இலையில் பெரிய குற்றமில்லை. பாக்கும் புகையிலையும்தான் கெடுதல். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். கறை படிந்த முரட்டுப் பரப்பில் காரை சீக்கிரம் ஏறும். புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே ரத்தம் வராமல் ஈறு நன்றாக இருப்பது போல் ஏமாற்றும். மாதம் ஒரு முறை உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் எரிகிறது என்றாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். தாம்பூலத்தைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பல்லைப் பிடுங்குவது

1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கெட்ட பல் உடம்பெல்லாம் நோய் பரப்புகிறது என்று பேசினார். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலிக்கும் சோர்வுக்கும் கூட நல்ல பற்களை வரிசையாகப் பிடுங்கிய காலம் முப்பது ஆண்டு நடந்தது. நம் ஊரில் இதற்கு நேர்மாறான பயம்: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, கண் போகாது. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்காதீர்கள், பிடுங்க வேண்டிய பல்லைப் பயந்து வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். குளிர்ச்சிக்குச் சுரீரென்று வந்து சில நொடியில் போனால் அடைத்தாலே போதும் பெரும்பாலும். சூட்டுக்கு வலித்து, நிமிடக் கணக்கில் நின்று, இரவில் எழுப்பினால் நரம்பு வரை போய்விட்டது. அப்போது வேர் சிகிச்சை.

வலி வந்த இரவில்

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். குழியில் சிக்கியதை நூலால் எடுங்கள். பஞ்சில் ஒரே சொட்டு கிராம்புத் தைலம் தொட்டுக் குழிக்குள் மட்டும் வையுங்கள், ஈறிலோ கன்னத்திலோ பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் ஓரத்தில் அடக்குவது, கற்பூரம், புகையிலைத் தூள் வைப்பது எல்லாம் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இரண்டு மாத்திரையில் வீக்கம் வடிந்தாலும் குழி அப்படியே இருக்கும். வலி நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, நரம்பு செத்தாலும் வலி நிற்கும். அடுத்து வருவது சீழ்.

முகம் வீங்கிக் காய்ச்சல் இருந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், தாடைக்கு அடியில் கல் போல் வீங்கி நாக்கை மேலே தள்ளினால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக் குழாயை அடைத்துவிடும், சில மணி நேரத்தில் உயிர் போகும். 108-ஐ அழைத்து, இருபத்துநாலு மணி நேரமும் அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். வழியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது.